கொல்லிமலைன்னு ஒரு ஊரே கிடையாதுங்க

கேள்வி இதுதான்: "ரெண்டு நாள் லீவுல கொல்லிமலை போறோம், ஆகாய கங்கை அருவியத் தவிர அங்க என்ன இருக்கு, மலைமேல இருக்கற கிராமமெல்லாம் எப்படி இருக்கும், அங்க இருக்கற மலையாளி ஜனங்க கேரளாவுல இருந்து வந்தவங்களா?"

கடைசிக் கேள்விக்கு ஒரு வார்த்தையில பதில் சொல்லிடறேன். இல்லைங்க. மத்த ரெண்டுக்கும் கொஞ்சம் நீட்டி முழக்கித்தான் சொல்லணும், ஏன்னா நான் சேந்தமங்கலம் பக்கத்துக்காரன், எங்க வீட்டு வாசல்ல நின்னா அந்த மலைதான் தெரியும். அப்புச்சி (அம்மாவோட அப்பா) மிளகு, கடுக்கா, புளின்னு மலைச்சரக்கு வாங்கி விக்கற வியாபாரம், பள்ளிக்கூடம் லீவு விட்டா அவர் கூடவே மலையேறிடுவேன், அதனால அருவியப் பாக்கறதுக்கு முன்னாடியே அங்க இருக்கற திண்ணைங்களத்தான் பாத்தேன்.

மொதல்ல ஒரு விஷயம் தெளிவாயிடணும். கொல்லிமலைங்கறது மலையோட பேரு, ஊரோட பேரு இல்ல. நாமக்கல் பஸ் ஸ்டாண்டுல போயி நின்னுக்கிட்டு கொல்லிமலை பஸ் எதுன்னு கேட்டா ஏத்தி விட்டுருவாங்க, ஆனா மேல போனா சோளக்காடு, செம்மேடு, அறப்பளீஸ்வரர் கோயில்னு ஒவ்வொன்னும் வேற வேற இடம், ஒன்னுக்கொன்னு நல்ல தூரம். செம்மேடுதான் ஆபீசு, ஆஸ்பத்திரி, வல்வில் ஓரி சிலை எல்லாம் இருக்கற இடம். "கொல்லிமலையில ரூம் போட்டுட்டேன், கோயிலுக்கு நடந்துக்கலாம்"னு நினைச்சுக்கிட்டு வர்றவங்களப் பாத்திருக்கேன், பாவம்.

ஊட்டி மாதிரி, ஏற்காடு மாதிரின்னு மனசுல ஒரு படம் வச்சுக்கிட்டுப் போனா ஏமாந்துருவீங்க. இந்த மலை ஒரு மேசை மாதிரிங்க, அடிவாரத்துல இருந்து சுவர் கணக்கா செங்குத்தா ஏறும், ஏறி முடிச்சா மேல பரந்த மேட்டுநிலம், சின்னச் சின்னக் குன்று, நடுவுல பள்ளம், பள்ளத்துல நெல் வயல். கடல் மட்டத்துல இருந்து 1000 மீட்டர்ல இருந்து 1300 மீட்டர் வரைக்கும் உயரம், சுமார் 280 சதுர கிலோமீட்டர் பரப்பு. கிழக்குத் தொடர்ச்சி மலையில ஒரு துண்டு. மலைக்குச் சதுரகிரின்னு ஒரு பழைய பேரும் உண்டு (விருதுநகர் பக்கத்துச் சதுரகிரி வேற, அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்காதீங்க), மேல நின்னு பாத்தா அந்தப் பேரு எதுக்குன்னு தெரியும்.

இந்தச் சுவருதாங்க எல்லாத்துக்கும் காரணம்னு நான் சொல்லுவேன். வெள்ளைக்காரன் ஏற்காட்டுல காபி எஸ்டேட் போட்டான், பங்களா கட்டினான், சர்ச் கட்டினான், பள்ளிக்கூடம் கட்டினான். அங்க இருந்து கண்ணுக்கெட்டற தூரத்துல இருக்கற கொல்லிமலைய மட்டும் ஏன் விட்டுட்டான்? ஏறறது கஷ்டம், ஏறினாலும் காய்ச்சல். மலேரியாவுக்கு இந்த மலை அந்தக் காலத்துல பேர் போனது. வெளியாளு மேல போயி தங்கிட்டு வந்தா நடுக்கத்தோட படுத்துக்குவான்னு எங்க அம்மாயி (அம்மாவோட அம்மா) கூட சொல்லும், அப்புச்சி மலையில ராத்தங்கல்னா அதுக்கு ஒரே வெசனம். அதனால பெரிய எஸ்டேட்டுக்காரங்க கையில போகாம நிலம் அந்த ஜனங்க கையிலயே நின்னுச்சு. நீங்க கார்ல போறப்ப ரெண்டு பக்கமும் பாக்கறது டூரிஸ்டுக்காக வச்ச பச்சை இல்ல, யாரோ ஒருத்தரோட காடு, அதுல ரெண்டு பலா, நாலு வாழை, சில்வர் ஓக் மரத்துல ஏத்தி விட்ட மிளகுக்கொடி, கீழ காபி, ஓரத்துல குச்சிக்கிழங்கு (அதான் மரவள்ளி). மலைமேல இருக்கற ஒரு விவசாயப் பூமிதான் கொல்லிமலை, ஹில் ஸ்டேஷன் இல்ல.

இப்ப மலையாளி விஷயத்துக்கு வர்றேன். மலையை ஆளறவங்க மலையாளி, அவ்வளவுதான். பேசறது தமிழ், நம்ம சேலம் நாமக்கல் தமிழ்தான், கொஞ்சம் இழுப்பு வேற மாதிரி இருக்கும், நாலஞ்சு வார்த்தை நமக்குப் பழசாப் படும். பேருக்குப் பின்னாடி கவுண்டர்னு போட்டுக்குவாங்க. ஏற்காட்டு மலை, பச்சைமலை, கல்வராயன், ஜவ்வாதுன்னு இந்தப் பக்கத்து மலைங்க எல்லாத்துலயும் இதே ஜனங்க இருக்காங்க. அவங்க வழிவழியாச் சொல்ற கதையில காஞ்சிபுரம் வரும், கரிராமன் சாமி வரும், காஞ்சியில இருந்து கிளம்பின அண்ணன் தம்பிங்க ஆளுக்கொரு மலைக்குப் பிரிஞ்சு போனதா வரும். கதை அப்படியே நடந்துச்சான்னு என்னைக் கேக்காதீங்க, ஆனா ஒன்னு பாருங்க, தங்களப் பத்தி அவங்க சொல்லிக்கற கதையிலயே கீழ இருந்து ஏறி வந்தவங்கன்னுதான் இருக்கு, கேரளா எங்கயும் வரலை. அரசாங்கக் கணக்குல பழங்குடியினர். 2011 கணக்கெடுப்புல இந்த மலை மொத்தத்துக்கும் 40,000 சொச்சம் பேரு, அதுல பெரும்பகுதி இவங்கதான். தமிழ்நாட்டுல பழங்குடியினருக்குன்னு ஒதுக்கின சட்டமன்றத் தொகுதி ரெண்டே ரெண்டு, ஒன்னு ஏற்காடு, இன்னொன்னு எங்க சேந்தமங்கலம், எங்க ஊரு அதுல வந்ததுக்குக் காரணமே இந்த மலைதான்.

கிராமங்களக் கேட்டீங்க. அங்க பஞ்சாயத்துப் பேரெல்லாம் 'நாடு'ன்னு முடியும். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, சித்தூர் நாடு, தேவனூர் நாடு, சேளூர் நாடு, திருப்புளி நாடு, குண்டனி நாடு, இப்படி மொத்தம் 14. இது யாரோ ஆபீசர் வச்ச பேரு இல்ல, ஜனங்க தங்களுக்குள்ள வச்சிருந்த பிரிவு, பஞ்சாயத்து ராஜ் வந்தப்ப அதையே எடுத்துக்கிட்டாங்க. நாட்டுக்கு ஒரு பெரியவர், ஊருக்கு ஒரு ஊர்க்கவுண்டர்னு இருப்பாங்க, கல்யாணம், சாவு, நில வழக்கு, திருவிழா தேதி எல்லாம் அவங்க உக்காந்து பேசித்தான் முடிவாகும், இப்ப போலீசு கோர்ட்டுன்னு வந்துட்டாலும் திருவிழாவுக்கு இன்னைக்கும் அவங்க வார்த்தைதான். ஒவ்வொரு நாட்டுக்குள்ளயும் பத்து இருபதுன்னு குட்டி குட்டி ஊரு, சிலது முப்பது வீடு, சிலது அதுலயும் கம்மி. பள்ளத்துல வயல விட்டுட்டு மேட்டுல வீடு கட்டியிருப்பாங்க, வீடுங்க ஒன்னையொன்னு ஒட்டியே இருக்கும், சுத்திக் காடு. நல்ல விளையற மண்ணுல வீடு கட்டக்கூடாதுங்கற கணக்கு அது. கீழ நாம நெல் வயல்ல பிளாட் போட்டுக் கல்லு நட்டுட்டு உக்காந்திருக்கோம்.

அப்புறம் சாமைக்கு வர்றேன், இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம், கோச்சுக்காம படிங்க. சாமைன்னா கடையில பாக்கெட்ல விக்கற ஒரே சாமைதான்னு நினைச்சுக்கிட்டிருக்கோம். அந்த மலையில கட்டவெட்டிச் சாமை, சடஞ்சாமை, மல்லியச்சாமை, பெருஞ்சாமைன்னு ரகம் ரகமா இருந்துச்சு. எது சீக்கிரம் வரும், எது மழை தவறினாலும் தாங்கும்னு ஒவ்வொரு வீட்டுப் பொம்பளைக்கும் தெரியும், அந்தந்த நிலத்துக்குப் பாத்து அந்தந்த ரகம் போடுவாங்க. தினையிலயும் அப்படித்தான், செந்தினை, பெருந்தினைன்னு. கேழ்வரகுல சுருட்டைக் கேழ்வரகுன்னு ஒன்னு, கதிரு உள்பக்கமா மடிஞ்சு சுருண்டிருக்கும். ஒரே காட்டுல ரெண்டு மூணு தானியத்தைக் கலந்து விதைச்சு, ஊடால மொச்சை, துவரைன்னு போட்டு விடுவாங்க, ஒன்னு போனா ஒன்னு கை கொடுக்கும்னு. விதைத் தானியம் வெளிய வாங்கறதே கிடையாது, எங்க அப்புச்சி ஒரு தடவை "நல்ல விதை கொஞ்சம் விலைக்குக் கொடுங்க"ன்னு ஒரு வீட்டுல கேட்டுட்டாரு, அந்த ஆத்தா "விதைக்கு எதுக்குங்க விலை, எடுத்துக்கிட்டுப் போயி விளைஞ்சா ஒரு வள்ளத்துக்கு ரெண்டு வள்ளமாத் திருப்பிக் குடுங்க"ன்னுச்சு (வள்ளம்னா எங்க பக்கத்துத் தானிய அளவை). கீழ எங்க காட்டுல அது முளைச்சதோட சரி, கதிரே புடிக்கலை, அந்த ரெண்டு வள்ளம் கடன் அப்படியே நிக்குது.

இதெல்லாம் எங்க போச்சுன்னா, குச்சிக்கிழங்கு வந்துச்சு. சேலம், ராசிபுரம், நாமக்கல் பக்கமெல்லாம் சேகோ ஃபேக்டரி, ஜவ்வரிசிக்கும் ஸ்டார்ச்சுக்கும் கிழங்கு எவ்வளவு இருந்தாலும் வேணும், 1981ல ஜவ்வரிசி ஆலைக்காரங்களோட சேகோசர்வ் கூட்டுறவும் வந்துச்சு, லாரி மலைமேலயே போயி கிழங்கு ஏத்திக்கிட்டு வந்துரும், கையில மொத்தமாக் காசு. சாமையில அந்தக் காசு கிடையாது. ரேஷன்ல அரிசி வேற வந்துருச்சு. இதுக்கெல்லாம் மேல ஒரு காரணம் இருக்கு, அதை ஆம்பளைங்க சொல்ல மாட்டாங்க. சாமைக்கு உமி கெட்டி, உரல்ல போட்டு உலக்கையில குத்திப் புடைச்சுத் திரும்பக் குத்தணும், ஒரு வேளை சோத்துக்கு ஒரு பொம்பளைக்கு மணிக்கணக்குல வேலை. காட்டு வேலையும் பாத்துட்டு வந்து இதையும் யாரு குத்துவா? அரிசி வந்ததும் உலக்கையத் தூக்கிப் பரண்ல போட்டாங்க, நான் அவங்களக் குத்தம் சொல்ல மாட்டேன். பாரம்பரிய உணவு அழிஞ்சு போச்சேன்னு டவுன்ல உக்காந்து அழறவங்க ஒரே ஒரு நாள் அந்த உலக்கையப் புடிச்சுப் பாக்கணும்.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990கள்ல இருந்து அங்க வேலை செஞ்சாங்க. அவங்க செஞ்சதுல எனக்குப் புடிச்சதே என்னன்னா, பாரம்பரியத்தைக் காப்பாத்துங்கன்னு பேசிட்டு மட்டும் போகாம, ஊருக்குள்ள உமி நீக்கற மெஷினு கொண்டாந்து மகளிர் குழு கையில கொடுத்தாங்க. விதை வங்கி வச்சாங்க, வரிசையில நடற முறை சொல்லிக்கொடுத்தாங்க, சாமை மாவு, தினை மாவு, ரவைன்னு பாக்கெட் போட்டு விக்க வழி பண்ணினாங்க. மெஷினு வந்த ஊருல சாமை கொஞ்சம் திரும்பி வந்துச்சு. பழையபடி ஆகலை, கிழங்குதான் இன்னும் அதிகம். செம்மேட்டுல, சோளக்காட்டுல அந்தப் பாக்கெட் கண்ணுல பட்டா வாங்குங்க.

மலையப் பத்தின பழைய சேதி கொஞ்சம். வல்வில் ஓரி கடையெழு வள்ளல்ல ஒருத்தன், இந்த மலைக்காரன். புறநானூறு 152ல வன்பரணர் பாடினது: ஓரி விட்ட ஒரே அம்பு யானையச் சாச்சு, புலியக் கொன்னு, மானை உருட்டி, பன்னிய வீழ்த்தி, பக்கத்துப் புத்துல இருந்த உடும்புல போயிக் குத்தி நின்னுச்சாம். எல்லாரும் இதோட நிறுத்திருவாங்க. அதுக்கப்புறம் வர்றதுதான் எனக்குப் புடிக்கும், வேடன் மாதிரி இருக்கானே, யாரோன்னு நினைச்சு அந்தப் பாணர் கூட்டம் பாடுது, அவனைப் பத்தியே அவன் முன்னாடி பாடினதும் வெக்கப்பட்டுக்கிட்டு, வேட்டையில கிடைச்ச மான்கறி வேகவச்சு, உருக்குன நெய் மாதிரி கள்ளு ஊத்திக் கொடுத்து, மலையில கிடைச்ச பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுத்து அனுப்பறான். இந்த ஓரியத்தான் பின்னாடி மலையமான் காரி கொன்னு மலைய சேரனுக்குக் கொடுத்தான்னு அகநானூறு 209 சொல்லுது, அங்க "செவ்வேர்ப் பலவின் பயங்கெழு கொல்லி"ன்னு ஒரு வரி. பலா. ரெண்டாயிரம் வருசம் முன்னாடியே இந்த மலைக்கு அடையாளம் பலாதான், நீங்க சித்திரையில இருந்து ஆடிக்குள்ள போனீங்கன்னா அந்த வரிய மூக்காலயே படிக்கலாம். ஆடி 17, 18ல ஓரிக்கு அரசு விழா நடக்கும், வில்வித்தைப் போட்டி வைப்பாங்க, கூட்டம் தாங்காது, அமைதி தேடி வர்றவங்க அந்த வாரம் தவிர்த்துக்குங்க.

கொல்லிப்பாவைய மறக்கக்கூடாது. சிரிச்சே ஆளை மயக்கிக் கொல்ற பாவைன்னு சொல்லுவாங்க, சங்கப்பாட்டுல தலைவியோட அழகுக்கு உவமையா நெறைய இடத்துல வரும். எட்டுக்கை அம்மன்தான் அந்தப் பாவைன்னு இன்னைக்குக் கும்பிடறாங்க. ஏறினவன் திரும்பி வரமாட்டான்னு ஒரு பேச்சு கிளம்பறதுக்குக் காய்ச்சலும் காரணமா இருந்திருக்குமோன்னு எனக்கு ஒரு யூகம், யூகம்தான், அம்மன் கோயில் பூசாரிகிட்ட போயிச் சொல்லிடாதீங்க.

ஆகாய கங்கை நீங்களே பாத்துக்குவீங்க, அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்துல இருந்து ஆயிரத்துக்கு மேல படி, இறங்கறப்ப சிரிச்சுக்கிட்டே இறங்குவீங்க, ஏர்றப்ப என்னைத் திட்டுவீங்க. 300 அடி உசரத்துல இருந்து விழறது ஐயாறு, அந்தத் தண்ணி அப்படியே கீழ திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலைக்குப் போகும். அங்க இருந்து காட்டு வழியா ஆடியில சனங்க நடந்தே கோயிலுக்கு ஏறி வருவாங்க. முட்டி வலிக்காரங்க மாசிலா அருவி, 'நம்ம அருவி'ன்னே பேரு இருக்கற அருவி, இந்த ரெண்டோட நிறுத்திக்குங்க. மலைமேல கோயில் இருக்கற மாசி பெரியசாமிதான் கீழ்நாட்டுல நெறையப் பேருக்குக் குலதெய்வம், அதனால மலைக்கும் கீழ்நாட்டுக்கும் போக்குவரத்து சுற்றுலா வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே உண்டு.

ரோட்டப் பத்தி. காரவள்ளியில இருந்து சோளக்காடு வரைக்கும் 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்னுக்கும் நம்பர் போட்டுப் பலகை இருக்கும், பசங்க எண்ணிக்கிட்டே வந்து நாப்பதாவதுல வாந்தி எடுக்கும். வெறும் வயித்துல ஏறாதீங்க, வயிறு முட்டவும் தின்னாதீங்க. ஏர்ற வண்டிக்குத்தான் வழி விடணும், இறங்கறப்ப கியர்ல இறங்குங்க, பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்து பொசுங்கற வாடையோட அடிவாரத்துல நிக்கற வண்டி எல்லா ஞாயித்துக்கிழமையும் ரெண்டு மூணு இருக்கும். முள்ளுக்குறிச்சி வழியா இன்னொரு ரோடு இருக்கு, ராசிபுரம், ஆத்தூர் பக்கம் இருந்து வர்றவங்களுக்கு அது தோது. இந்த ரோடெல்லாம் வர்றதுக்கு முன்னாடி சரக்கு மொத்தமும் தலைச்சுமைதான், விடியறதுக்கு முன்னாடி கிளம்பிப் பலாவையும் மிளகையும் சுமந்துக்கிட்டு இறங்கி, சேந்தமங்கலத்துலயும் பேளுக்குறிச்சிச் சந்தையிலயும் வித்துட்டு, உப்பும் துணியும் வாங்கிக்கிட்டுத் திரும்ப ஏறுவாங்க. சுமந்தது திரும்பக் கொண்டு போக முடியாதுங்கறது வியாபாரிக்குத் தெரியும், அதனால சாயந்தரம் ஆக ஆக விலைய இறக்குவான். எங்க அப்புச்சியும் அப்படித்தான் இறக்கியிருப்பாரு, நல்லவருன்னு சொல்லி மறைக்க விரும்பலை.

மலை மேல ஒரு காலத்துல பாக்சைட் வெட்டினாங்க, மேட்டூர் அலுமினிய ஆலைக்கு. மலையோட தலைய வழிச்செடுக்கற வேலை அது, 2008ல நின்னுச்சு. இப்ப வந்திருக்கற மாத்தம் அதைவிட மெதுவானது, காட்டுக்கு நடுவுல நிலம் விற்பனைக்குன்னு பலகை, காட்டேஜ் பலகை. நீங்க தங்கப்போறதும் அப்படி ஒன்னுலதான் இருக்கும், தங்குங்க, தப்பில்ல, அந்த மலைக்காரங்களே நடத்தற இடமா இருந்தா இன்னும் நல்லது, புக் பண்றப்பவே விசாரிச்சுடுங்க.

ஊருக்குள்ள போறப்ப ரெண்டு விஷயம் மட்டும். ஊரை ஒட்டி அடர்த்தியா ஒரு துண்டுக் காடு தனியா நின்னா அது சும்மா விட்ட காடு இல்ல, சாமி காடு, அதுக்குள்ள செருப்போட போகக்கூடாது, ஒரு சுள்ளி ஒடிக்கக்கூடாது. காய்ஞ்ச மரத்தைக் கூட வெட்டாம விட்டிருப்பாங்க. அப்புறம் மிளகுக்கொடியக் கண்டதும் கொத்தாப் பறிச்சு செல்ஃபி எடுக்காதீங்க, அது அவங்க வருச வருமானம், கேட்டா அவங்களே ஒரு கை கொடுத்துருவாங்க.

வாங்கறதுக்கு: மிளகு, தேன், காபிக்கொட்டை, கருவாழை, சீசன்ல அன்னாசியும் பலாவும். முடவாட்டுக்கால் கிழங்குன்னு ரோட்டோரம் ரோமத்தோட ஆட்டுக்கால் மாதிரியே ஒன்னு வச்சிருப்பாங்க, சூப்பு போட்டும் கொடுப்பாங்க, குளிருக்கு நல்லா இருக்கும், குடிங்க. அதைக் குடிச்சா மூட்டு வலி மூணு நாள்ல போயிரும்னு சொல்றத மட்டும் காதுல வாங்கிட்டு விட்டுருங்க. சித்தர் குகை, அதிசய மூலிகைன்னு கையப் புடிச்சு இழுக்கறவங்களும் இருப்பாங்க, முக்காவாசிப் பேரு கீழ இருந்து ஏறி வந்தவங்கதான்.

சாமை வாங்கினீங்கன்னா ஒரு டம்ளருக்கு ரெண்டரை டம்ளர் தண்ணி, கல்லு இருக்கும், ரெண்டு தடவை அரிச்சுக்குங்க, நெல்லரிசி மாதிரி ரொம்ப நேரம் வேகவிட்டா கூழாயிரும். வெந்ததும் மூடி வச்சுட்டுக் கால் மணி கழிச்சுக் கிளறுங்க. மொச்சைக்கொட்டைக் குழம்புதான் அதுக்குத் தோது, சாம்பார் சரிப்படாது.